கையெழுத்துப் போட்ட பிறகு

இலங்கையின் புத்தளம் களப்போரத்தில் உப்பளம், சீமெந்து, இறால் பண்ணை என்று மாதச் சம்பளம் தரும் இடங்கள் சிலவே. அப்படியோர் இடத்தில் 25 வருடம் உழைத்தவரை ஒருநாள் அலுவலகத்துக்கு அழைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேசையில் ஆங்கிலக் கடிதம். அடியில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. "இந்த இடத்துல ஒரு சைன் வைங்க நானா. நாளைக்கு வந்தா இந்தக் காசும் இல்ல." பேனா மூடியைக் கழற்றிக் கொடுப்பதும் அதிகாரிதான். சுயவிருப்பில் ஓய்வு பெறுவதாகவும் இனி எந்தக் கோரிக்கையும் இல்லையென்றும் சொல்கிறது கடிதம்.

கையெழுத்திட்டுக் காசையும் வாங்கிக்கொண்டு பிறகு வழக்கும் போடுவது வாக்குத் தவறுவதாகாதா? ஊர் கேட்கும் இந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. மனமொப்பிக் கையெழுத்திட்டு, காசு கரைந்தபின் மனம் மாறியவருக்காக வாதாட முடியாது.

ஆனால் 'மாட்டேன்' என்றிருந்தால் மறுநாளும் வழக்கம்போல வேலைக்கு வந்திருக்க முடியுமா? முடியாதென்றால் அங்கே வாக்கே கொடுக்கப்படவில்லை. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நிறுத்த அவரது எழுத்துமூலச் சம்மதத்தையோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியையோ கேட்கிறது. ஆணையாளரிடம் போனால் விசாரணை, விளக்கம், அலைச்சல். சம்மதக் கடிதம் கிடைத்தால் எதுவுமில்லை. பேனா மூடி அத்தனை அவசரமாகக் கழல்வது இதனால்தான். தொழிலாளியைக் காக்க வந்த 'சம்மதம்' என்ற சொல்லே அவருக்கு எதிர்ச்சாட்சி ஆகிவிடுகிறது.

நீட்டிய தொகையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம்; 25 வருடத்துக்குப் பன்னிரண்டரை மாதம். அவர் கையெழுத்திட்டாலும் இடாவிட்டாலும் அது அவருடைய காசு. அதையும் கூட்டி 'இழப்பீடு' என்று காட்டினால், அவர் பணத்தைக் கொண்டே அவர் வாயை அடைத்ததாகும். அதற்குமேல் கிடைத்த தொகை வேறு. வழக்கில் அதை மறைக்காமல் சொல்லி, தீர்ப்பில் கழித்துக்கொள்ள இடம்கொடுப்பதே நேர்மை.

சேவை ஒப்பந்தத்தில் எதிராக என்ன எழுதியிருந்தாலும் நிவாரணம் வழங்க, இத்தகைய வழக்கைக் கேட்கும் தொழில் நியாயசபைக்கு அதிகாரமுண்டு. ஆனால் சேவை முடிந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். பயந்து கையெழுத்திட்டவரோ மிச்சக் காசும் சேவைச் சான்றிதழும் கைக்கு வரும்வரை வாய் திறப்பதில்லை. அதிலேயே தவணையில் பாதி போய்விடுகிறது.