நீதிபதியின் யோக்கியதை

திருடனை இன்னொரு திருடன் விசாரித்தால் தீர்ப்புச் செல்லுமா? ஜப்பானியத் தலைவர்களை விசாரிக்க 1946-ல் டோக்கியோவில் கூடிய போர்க்குற்ற நீதிமன்றத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஓர் இந்தியர். 11 நீதிபதிகளில் ஒருவரான ராதாபினோத் பால், 1948-ல் மற்றவர்களில் பெரும்பான்மையோர் தண்டித்த 25 பேரையும் விடுவிக்க வேண்டும் என்று எழுதினார். நடந்துமுடிந்த செயலுக்குப் பிறகு சட்டம் செய்து தண்டிப்பது ஜெயித்தவனின் நியாயம். காலனிகளைக் கட்டி ஆண்டவர்களுக்கும் அணுகுண்டு போட்டவர்களுக்கும் அதற்கு யோக்கியதை ஏது?

அடிமைப்பட்டுக் கிடந்த நமக்கு இந்த வாதம் ருசிக்கிறது. 1905-ல் ஜப்பான் ருஷ்யாவை வென்றபோது இங்கே உண்டான பூரிப்பின் மிச்சமும் அதில் இருக்கிறது.

ஆனால் கலவையிலிருந்து இதை யோசிப்பவனுக்கு வேறு சிலர் குறுக்கே வருகிறார்கள். கலவை சேர்ந்திருந்த பழைய வடஆர்க்காடு ஜில்லா, மலாயா ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த ஜில்லாக்களில் ஒன்று. முதல் உலகப்போரில் சென்னை மாகாணத்துத் தோல் பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸுக்குப் போயிற்று. ஆட்கள் பால்மரம் சீவப் போனார்கள். 1942-ல் மலாயாவில் எஜமான் மாறினான். 'ஆசியா ஆசியர்களுக்கே' என்று வந்த ராணுவம், அந்தத் தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் சயாம்-பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோயிற்று. 415 கிலோமீட்டர்ப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் செத்த ஆசியக் கூலிகள் 90,000 வரை இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. யாரும் சரியாக எண்ணவில்லை. அங்கே இறந்த 12,000-க்கு மேற்பட்ட வெள்ளைக் கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியல் உண்டு. காஞ்சனபுரியில் வரிசையாகக் கல்லறைகளும் உண்டு.

இங்கே இரண்டு கேள்விகளைப் பிரிக்க வேண்டும். தண்டிக்கிறவனுக்கு யோக்கியதை உண்டா என்பது ஒன்று. குற்றம் நடந்ததா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு 'இல்லை' என்ற பதில் கிடைத்தவுடன் இரண்டாவது கேள்வி தானாக அடிபட்டுப்போவதில்லை. பாலும் கொடுமைகள் நடக்கவில்லை என்று சொல்லவில்லை. மேல்மட்டத்தவரைக் குற்றவாளிகளாக்கச் சட்டம் போதாது என்றார். பிற்பாடு அந்த வித்தியாசத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. 1978-ல் யாசுகுனி ஆலயத்தில் முதல்தரப் போர்க்குற்றவாளிகள் 14 பேர் போர்த்தெய்வங்களோடு சேர்க்கப்பட்டார்கள். 2005-ல் அதே வளாகத்தில் பாலுக்கும் நினைவுச்சின்னம் வைத்தார்கள். சட்டத்தைப் பற்றிய ஒரு சந்தேகம், ராணுவத்துக்கு நற்சான்றிதழாகிவிட்டது.

நம் நினைவும் இதே மாதிரிதான் வேலை செய்கிறது. அதே தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படைக்குப் போனவர்களைக் கொண்டாடுகிறோம், அது நியாயமே. தண்டவாளம் சுமக்கப் போனவர்களைச் சொன்னால் அந்தக் கொண்டாட்டம் கெட்டுவிடும் என்று பயப்படுகிறோம். எதிரிக்கு எதிரி நமக்கு என்ன செய்தான் என்று கேட்பது துரோகமாகத் தோன்றுகிறது.

வெள்ளைக்காரனுக்கு யோக்கியதை இல்லை. சரி. யோக்கியதை இருந்தவன் அந்தக் கூலி. டோக்கியோவில் அவன் நீதிபதியாகவும் இல்லை, வாதியாகவும் இல்லை. பாலின் வாதத்தை நாம் முழுமனதாக ஏற்கலாம். அவனை மன்னிக்கச் சொல்லும் உரிமை அதிலிருந்து நமக்குக் கிடைப்பதில்லை.