கழுவெளியும் வாக்குச் சீட்டும்

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்பது பலர் கூடி வரையும் இணைய வரைபடம். 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் இங்கிலாந்தில் தொடங்கியது. கணக்கு வைத்திருக்கும் எவரும் அதில் ஓர் ஓடையைச் சேர்க்கலாம், பிறர் சேர்த்ததைத் திருத்தலாம், திருத்தத்தின் கீழ் கருத்து எழுதலாம். புதிய வகைக் குறியீடு ஒன்றைப் பொது வழக்காக்க, இரண்டு வாரமாவது விவாதமும் அதன்பின் இரண்டு வாரமாவது வாக்கெடுப்பும் நடக்கும். நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். பலர் ஒப்புவதால் ஒன்று மெய்யாகிவிடுமா என்ற பழைய கேள்வி இங்கே புது வடிவில் எழுகிறது.

விழுப்புரம் மாவட்டத்தில் வானூர், மரக்காணம் வட்டங்களில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடக்கிறது கழுவெளி என்ற ஈரநிலம். 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும். கோடையில் சுருங்கி உவர்ப்பேறும். அதையடுத்த மரக்காணம் உப்பளங்களும் இப்படித்தான். மழைக்காலத்தில் பாத்தியும் வரப்பும் நீரில் மூழ்கிக் கிடக்கும். வெயில் ஏறியதும் அதே மண்ணில் உப்பு வாரிக் குவித்திருப்பார்கள். டிசம்பர் மாதச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைபவர் ஏரி என்று நீலம் தீட்டுவார். மே மாதப் படத்தைப் பார்ப்பவர் உப்பளம் என்பார். பத்துப் பேர் ஏரி என்று கை தூக்கினாலும் பாத்தி இடம்பெயராது.

அறிவு எதனால் கிடைக்கிறது என்பதை நம் மெய்யியல் நூல்கள் 'அளவை' என்ற தலைப்பில் ஆராய்ந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், எல்லா அளவைகளையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறது. வரப்பில் நின்று பார்ப்பது காண்டல். படத்தின் நிறத்தை வைத்து நிலத்தை ஊகிப்பது கருதல். ஆண்டு முழுவதும் அங்கே உழைக்கும் உப்பளத் தொழிலாளியின் சொல், உரை. வாக்கு எண்ணிக்கைக்கு இந்த மூன்றிலும் இடமில்லை. மணிமேகலையின் 27ஆம் காதை தரும் நீண்ட பட்டியலில் அதற்கு நெருங்கிய உறவு ஒன்று உண்டு: ஐதிகம். ஊரார் சொல்வதால் இந்த மரத்தில் பேய் உண்டு என்று தெளிவதே அதற்கு அக்காதை காட்டும் உதாரணம்.

ஆயினும் வாக்கெடுப்பு வீண் அல்ல. உப்பளத்தை எந்தக் குறியீட்டால் குறிப்பது என்பது மனிதர் தமக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடு. அங்கே ஒப்புதல்தான் ஆதாரம். அதிலும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் சமூகம் நிதானம் காட்டுகிறது. வாக்கில் தோற்ற குறியீட்டையும் ஒருவர் பயன்படுத்தத் தடையில்லை. நிலத்தில் இருப்பதையே வரைய வேண்டும் என்பது அதன் முதல் விதி. பருவத்தில் மட்டும் நீர் நிற்கும் இடத்துக்கென்று தனிக் குறியீடும் இருப்பதால், கழுவெளியில் ஏரியா தரையா என்று இரண்டில் ஒன்றை வெல்லவைக்கும் கட்டாயமும் இல்லை.

பின்னூட்டத்தின் மதிப்பும் இங்கேதான் தெரிகிறது. "நன்று" என்ற பாராட்டு வரைந்தவருக்கு உற்சாகம் தரும், நிலத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. "இது எந்த மாதத்துப் படம்?" என்ற கேள்வி அவரை மீண்டும் காண்டலுக்கு அனுப்பும். உரைக்கு நூல்கள் வைத்த நிபந்தனை, சொல்பவர் அறிந்தவராகவும் பொய் சொல்ல அவசியமற்றவராகவும் இருக்க வேண்டும் என்பது. உப்பு வாரும் பெண்ணுக்கு அந்தத் தகுதி முழுவதும் இருக்கலாம். கணக்கு இல்லாததால் வாக்கு மட்டும் இல்லை. ஆகவே கழுவெளிக் கரையைத் திருத்துகிறவர்கள் அங்குள்ளவர்களிடம் கேட்டு, பார்த்த மாதத்தையும் ஆண்டையும் குறிப்பில் எழுத வேண்டும்.