பிரிக்க முடியாதது ஒன்றா?

டால்பி டிஜிட்டல் 5.1 ஒலியுள்ள ஒரு பட டிவிடியை எடிட்டிங்குக்கு எடுத்தால் அதன் ஒலியை ஆறு கோப்புகளாகப் பிரித்துவிடலாம்: முன்னே இடம், வலம், நடு, பின்னே இரண்டு, அடித்தொனிக்கு மட்டும் ஒன்று. நடுச் சேனலில் வசனம் மட்டும் சுத்தமாகக் கிடைக்கும் என்றுதான் பலரும் எதிர்பார்ப்பார்கள். கேட்டுப் பார்த்தால் கொலுசுச் சத்தமும் கதவு சாத்தும் சத்தமும் வசனத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இடத்திலும் வலத்திலுமோ ஒரே வயலின் பங்கு போட்டுக்கொண்டு நிற்கும். ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டும் என்பதற்குத்தான் சேனல். எது எழுப்பிய ஒலி என்று அது சொல்லாது. சைவ சித்தாந்தம் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பேசிவரும் கேள்வி இதற்குள்ளும் இருக்கிறது. பிரிக்க முடியாத இரண்டை ஒன்று என்று சொல்லிவிடலாமா?

கூடாது என்பது 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் தந்த விடை. அத்துவிதம் என்ற சொல் 'ஒன்று' என்று சொல்லவில்லை, 'அந்நியம்' என்பதை மறுக்கிறது, அவ்வளவுதான். உயிரோடு கலப்பால் ஒன்றாய், பொருள்தன்மையால் வேறாய், உயிரைச் செலுத்துவதில் உடனாய் இறைவன் நிற்கிறான். 18-ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் சிவஞானபோதத்தின் உரையான மாபாடியத்தில் இதை விரிவாக வாதிட்டு நிறுவினார். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்தோடு சேர்ந்து ஒலிப்பதும் அதே ஊரின் பெயர்தான். அவர் காலத்து 78 சுழற்சி இசைத்தட்டில் நாகஸ்வரமும் தவிலும் ஒரே வரிப்பள்ளத்தில் பதிந்தன. ஊசிக்குத் தெரிவது ஒரே அசைவு. அதற்காக ஊதியவரும் அடித்தவரும் ஒரே ஆள் என்போமா? மறுபக்கம், சிக்கல் சண்முகசுந்தரம் என்ற நாகஸ்வரக் கலைஞனின் கதையைச் சொல்லும் 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரம் ஒற்றைத் தட ஒலியாகவே திரைக்கு வந்தது. அப்படிப்பட்ட தடத்தை 5.1 ஆக்கி டிவிடியில் போட்டால் ஆறு சேனல் கிடைக்கும். ஆறுக்கும் ஊற்று அந்த ஒரே தடம். பிரிக்க முடிவதால் பொருள் இரண்டாகிவிடாது, முடியாததால் ஒன்றாகிவிடவும் செய்யாது.

சினிமா ஒலி தனித்தனியே பதிந்து பிறகு கலந்தது, உயிரும் இறைவனும் பிரிந்திருந்த காலமே இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த 78 தட்டிலும் கலப்பதற்கு முந்திய ஒலி என்று ஒன்று கிடையாது, சேர்ந்தேதான் பிறந்தது. வேற்றுமை கலப்புக்கு முன்னால் எங்கேயோ கிடக்க வேண்டியதில்லை, கலப்புக்குள்ளேயே இருக்கலாம். இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. உயிரும் இறைவனும் ஒன்றே என்றால் அன்பு செலுத்த ஆளில்லை. முழுக்க வேறு என்றால் இறைவன் எட்டி நிற்கும் அயலான். திருவாரூரிலும் தஞ்சையிலும் கோயில் வாசலில் கைகூப்பி நிற்பவர்களின் அன்பு இந்த இரண்டிலும் அடங்காது.

இன்னொரு எதிர்வாதம் புதியது. 2021-இல் திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சன் குழுவினர் பீட்டில்ஸ் இசைக்குழுவின் பழைய ஒற்றைத் தட ஒலிநாடாக்களிலிருந்து குரலையும் கிதாரையும் கணினியால் தனித்தனியே பிரித்தெடுத்தார்கள். ஆகவே பிரிக்க முடியாதது என்று எதுவுமில்லை என்பது. ஆனால் அந்த மென்பொருளுக்குக் குரல் எது, கிதார் எது என்று முதலில் பழக்க வேண்டியிருந்தது. பிரித்தறிந்த பிறகே பிரித்தெடுக்கிறது. சித்தாந்தம் கேட்பதும் அந்த அறிதலைத்தான். சரி, நாளைக்கே ஒரு பழைய தட்டிலிருந்து தவிலைத் துளியும் மிச்சமில்லாமல் நீக்கிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எஞ்சிய நாகஸ்வரத்தில், தவில்காரர் தீர்மானம் வைத்து முடிக்கட்டும் என்று நாகஸ்வரக்காரர் சீவாளியிலிருந்து உதட்டை எடுத்துக் காத்திருந்த அந்த இடைவெளி அப்படியே இருக்கும்.