விற்றவர் அறிந்த குறை

சென்ற ரமளானுக்குச் சில நாட்கள் முன்பு, அஸர் தொழுகை முடிந்த நேரம், நமது அலுவலகத்திற்கு ஒரு பெரியவர் வந்தார். நெடுநாள் சந்தாதாரர். நமது இதழின் பின்னட்டையை மட்டும் கிழித்து நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தார். நிலமும் வீடும் வாங்கி விற்றுப் பெரும் பொருள் ஈட்டுவது எப்படி என்று மூன்றே நாட்களில் கற்றுத் தரும் பயிற்சி வகுப்பின் விளம்பரம் அது. கையில் முதல் இல்லாமலே மனை வாங்கலாம், வட்டியில்லை, முற்றிலும் ஹலாலான வழி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"நம்ம பத்திரிகையிலே வந்ததாச்சே பாய், அதனாலேதான் மகன்கிட்டே சொல்லிப் பணம் வரவழைச்சுக் கட்டினேன்" என்றார்.

கட்டிய தொகை ரூ. 45,000. மகனுக்கு ரியாதில் வேலை. வகுப்பு ஒரு ஓட்டலில் நடந்திருக்கிறது. முதல் இரண்டு நாட்கள் பணக்காரர் ஆனவர்களின் கதை. மூன்றாம் நாள், உண்மையான இரகசியங்கள் அடுத்த வகுப்பில்தான் உண்டு, அதற்கு இரண்டு இலட்சம் என்ற செய்தி. பெரியவர் கையில் மிஞ்சியது ஒரு கோப்பும் ஒரு சான்றிதழும்.

அவர் கோபப்படவில்லை. "இது இப்படின்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டார். நாம் உடனே இதழைப் புரட்டி, உள்பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் உள்ள வரியைக் காட்டினோம். விளம்பரங்களின் உண்மைக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்ற வரி. அவர் கண்ணாடியை எடுத்து மாட்டி, அதை நிதானமாகப் படித்து, இதழை மேசைமேல் வைத்துவிட்டு, ஸலாம் சொல்லிப் போய்விட்டார்.

அந்த வரி நம்மைக் காப்பாற்றுமா என்பதுதான் அன்று முதல் நம் மனத்தை அரித்து வரும் கேள்வி.

அந்த வகுப்பை நடத்தியவர்களின் பெயரை ஈண்டு கூறப்போவதில்லை. அவர்கள்மீது எந்த நீதிமன்றமும் விசாரணை நடத்தவில்லை. அவர்கள் தரப்பைக் கேளாமல் பேசுவது முறையுமன்று. ஆனால் இதே வாணிபம் அயல்நாடுகளில் நீதிமன்றம்வரை சென்று துருவப்பட்டிருக்கிறது. அவ்வழக்குகளைப் பார்த்தால் சரக்கின் தன்மை விளங்கும்.

ஆஸ்திரேலியாவில் ரிக் ஓட்டன் என்பவரும் அவருடைய 'வி பை ஹவுசஸ்' நிறுவனமும் ஒரு டாலருக்கு ஒரு வீடு வாங்கலாம் என்று விளம்பரம் செய்தனர். முன்பணம் வேண்டாம், வங்கிக் கடன் வேண்டாம், அனுபவமும் வேண்டாம் என்றார்கள். முதற் கூட்டம் இலவசம். அதற்கடுத்த பயிற்சி முகாமுக்குச் சுமார் 3,000 டாலர், தனி வழிகாட்டலுக்கு 26,000 டாலர் வரை. அந்நாட்டின் நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2017-ல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த வாக்குறுதிகள் பொய்யானவை, மக்களைத் திசை திருப்புபவை என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டு விதித்த அபராதம் நிறுவனத்துக்கு 1 கோடியே 20 இலட்சம் டாலர், ஓட்டனுக்கு 60 இலட்சம் டாலர்.

அமெரிக்காவில் 'டிரம்ப் யுனிவர்சிட்டி' கதை உலகறிந்தது. அந்தப் பெயருக்கு உரிமம் இல்லை என்று நியூயார்க் மாநிலக் கல்வித்துறை 2005-லேயே எச்சரித்தும், பெயர் மாறியது 2010-ல்தான். ஆசிரியர்களை டொனால்ட் டிரம்பே பொறுக்கி எடுத்தார் என்று விளம்பரம் சொன்னது. நேரடி வகுப்புகளின் ஆசிரியர் எவரும் அப்படி எடுக்கப்பட்டவரல்லர் என்று நிறுவனத்தின் தலைவரே பின்னர் வாக்குமூலம் கொடுத்தார். இலவசக் கூட்டத்திலிருந்து 1,495 டாலர் வகுப்பு, அங்கிருந்து 34,995 டாலர் வரை ஏறும் படிக்கட்டு. வகுப்புக்கு வந்தவர்களிடம், வீடு வாங்கத் தேவைப்படும் என்று சொல்லி அவர்களின் கிரெடிட் கார்டு வரம்பை உயர்த்திக்கொள்ளச் செய்து, அந்த வரம்பைக் கொண்டே அடுத்த வகுப்பை அவர்கள் தலையில் கட்டியதாக 2013-ல் நியூயார்க் மாநில அரசு தொடுத்த வழக்கு குற்றம் சாட்டியது. 2016 நவம்பரில், டிரம்ப் அதிபர் தேர்தலில் வென்ற சில நாட்களில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 2 கோடியே 50 இலட்சம் டாலர் கொடுத்து வழக்குகளை முடித்துக்கொண்டனர்.

இவ்வழக்குகளை நாம் படித்தபோது, இவர்கள் எல்லாரும் உச்சரித்த ஒரே மறுமொழி கண்ணில் பட்டது. 'நாங்கள் உறுதியா கொடுத்தோம்? உழைத்தவன் பெறுகிறான். எல்லாருக்கும் இப்பலன் கிட்டாது என்று எழுதித்தானே இருக்கிறோம்?' எழுதித்தான் இருக்கிறார்கள், நம்மைப் போலவே, பொடி எழுத்தில்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். கற்றுக் கொடுத்துக் கூலி வாங்குவதில் குற்றம் ஏதுமில்லை. வில்லங்கச் சான்றைப் படிப்பது எப்படி, மூலப்பத்திரத்தில் எதைப் பார்க்க வேண்டும், பட்டாவில் உள்ள அளவும் தரையில் உள்ள அளவும் ஏன் வேறுபடுகின்றன என்று ஒருவர் சொல்லிக் கொடுத்துப் பணம் வாங்கினால், அது அவருடைய உழைப்பின் ஹலாலான கூலி. நம்மில் எத்தனை பேர் இது தெரியாமல் புறம்போக்கு மனையை வாங்கிவிட்டுக் கைசேதப்பட்டு நிற்கிறார்கள்! ஆனால் அந்த விளம்பரங்கள் விற்பது அறிவையல்ல. கற்பவருக்கு வரப்போகும் செல்வத்தை. மேடையில் நிற்பவருடைய காரும் மாளிகைப் படமும் அதற்குச் சாட்சியாக நிறுத்தப்படுகின்றன. அவருடைய செல்வம் நிலத்திலிருந்து வந்ததா, கட்டணம் கட்டிய மாணவர்களிடமிருந்து வந்ததா? இந்த ஒரு செய்தியைத்தான் அவர் வாய் திறந்து சொல்வதில்லை.

வாய் திறவாமலே பொய் சொல்ல முடியும் என்பதை நம் மார்க்கம் ஆட்டு மடியை வைத்து விளக்கியிருக்கிறது. சந்தைக்குக் கொண்டுபோகும் முன் இரண்டொரு நாள் பால் கறக்காமல் விட்டு, மடி பெருத்த ஆடாகக் காட்டி விற்கும் வழக்கம் அரபு நாட்டில் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். வாங்கியவர் கறந்து பார்த்த பின் மூன்று நாட்களுக்குள் வைத்துக்கொள்ளலாம், அல்லது ஒரு ஸாவு பேரீச்சம்பழத்துடன் ஆட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றும் அருளினார்கள். திருப்பிக் கொடுக்கும் உரிமையில் ஹனஃபி இமாம்களின் கருத்து வேறு. ஆயினும் செயல் ஏமாற்று என்பதில் இரு கருத்தில்லை. விற்றவன் ஒரு சொல்லும் பொய்யாகச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மடி பேசியது. வாடகைக் காரும் அப்படித்தான் பேசுகிறது.

இனி அந்தப் பொடி எழுத்துக்கு வருவோம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு வழக்கு பதிவாகியிருக்கிறது. அடிமைகளை விற்கும் வழக்கம் இருந்த காலம். ஸஹாபியான அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள், குறைகளுக்குத் தாம் பொறுப்பல்ல என்ற நிபந்தனையுடன் ஓர் அடிமையை 800 திர்ஹத்துக்கு விற்றார்கள். வாங்கியவர் பின்னர், இவனுக்கு ஒரு நோய் இருக்கிறது, என்னிடம் சொல்லவில்லை என்று முறையிட்டார். விவகாரம் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களிடம் போயிற்று. நிபந்தனை சொல்லித்தானே விற்றேன் என்றார்கள் இப்னு உமர். உஸ்மான் (ரலி) அவர்கள் நிபந்தனை இருந்ததா என்று ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. விற்ற வேளையில் தமக்குத் தெரிந்த நோய் எதுவும் அவனிடம் இல்லை என்று சத்தியம் செய்யச் சொன்னார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் சத்தியம் செய்ய மறுத்து, அடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பிறகு அவன் குணமடைந்தான். 1,500 திர்ஹத்துக்கு விலை போனான்.

கலீஃபாவின் கேள்வி எங்கே போய்த் தைக்கிறது, பாருங்கள். எழுதிக் கொடுத்தாயா என்பதல்ல கேள்வி; தெரிந்திருந்ததா என்பதே. தெரியாத குறைக்கு நிபந்தனை ஒரு குடை. தெரிந்த குறையை அந்தக் குடைக்குள் ஒளித்து வைக்க இயலாது. மத்ஹபுகளிடையே இதன் சட்டம் விரிவானது. ஹனஃபி சட்டத்தில் அத்தகைய நிபந்தனை செல்லும். ஷாஃபிஈ மத்ஹபில் அதன் எல்லை மிகக் குறுகியது. ஆனால் செல்லுபடியாவது வேறு, பாவம் நீங்குவது வேறு. வாதத்திறமையால் ஒருவர் தம் சகோதரரின் ஹக்கைத் தமக்கு ஆக்கிக்கொண்டால், தாமே தீர்ப்பளித்திருந்தாலும் அது நெருப்பின் ஒரு துண்டுதான் என்று நபி (ஸல்) அவர்களே எச்சரித்திருக்கிறார்கள்.

வியப்பு என்னவெனில், மார்க்கத்தை முன்வைக்காத ஒரு சட்டமும் ஏறத்தாழ இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 1980-ல் வகுத்த நெறிகளின்படி, ஒரு பயனாளியின் அபூர்வ வெற்றியை விளம்பரத்தில் காட்டிவிட்டு, எல்லாருக்கும் இது பொருந்தாது என்று ஒரு வரி போட்டால் போதும். ஏறக்குறைய 30 ஆண்டுகள் அந்த வரி குடையாக இருந்தது. 2009-ல் ஆணையம் அதை மாற்றியது. சாதாரணமாக மக்களுக்கு என்ன பலன் கிட்டும் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், வெறும் மறுப்பு வரி போதாது என்றது. அதாவது, உனக்குத் தெரிந்ததைச் சொல் என்றது. நூறு மாணவர்களில் எத்தனை பேர் வீடு வாங்கினர் என்பது வகுப்பு நடத்துகிறவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியாது என்றால், எந்த ஆதாரத்தில் விளம்பரம் செய்தார்?

பேராசைப்பட்டவன் ஏமாந்தான், அவனுக்கு வேண்டியதுதான் என்று சொல்வார் உண்டு. நமது அலுவலகத்திலேயே ஒருவர் சொன்னார். நாம் அதை ஏற்கவில்லை. வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்துபோகும் ஒரு மனிதரைப் பற்றி நாயகத்திடம் கூறப்பட்டபோது, அவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. கொடுக்கல் வாங்கலின்போது ஏமாற்று இருக்கலாகாது என்று சொல்லிவிடும்படி அவருக்கு ஒரு வாசகத்தைக் கற்றுக் கொடுத்தார்கள். அப்பாவிக்குக் கேடயம் கிடைத்தது, ஏச்சு அல்ல. அந்தப் பெரியவரிடம் இருந்ததைப் பேராசை என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. மகன் பாலைவனத்தில் இன்னும் எத்தனை ஆண்டு கிடப்பான், ஊரோடு வந்து ஏதாவது செய்துகொண்டிருக்க மாட்டானா என்ற தகப்பனின் ஏக்கம் அது. விளம்பரத்தை எழுதியவருக்கு அந்த ஏக்கம் நன்றாகத் தெரிந்திருந்தது. அதற்கென்றே ஹலால் என்ற சொல்லையும் சேர்த்திருந்தார். வட்டியைக் கண்டு அஞ்சுகிறவனின் தக்வாவையே தூண்டில் புழுவாக்கிய இந்தச் செயலை, மற்ற ஏமாற்றுகளைக் காட்டிலும் ஒரு படி கீழானதாகவே நாம் கருதுகிறோம்.

இதையெல்லாம் பிறருக்குச் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியவில்லை. உஸ்மான் (ரலி) அவர்களின் கேள்வி நம்மை நோக்கியும் வருகிறது. அந்த விளம்பரம் பொய் என்று நமக்குத் தெரியுமா? தெரியாது. அப்படிச் சத்தியம் செய்யவும் நம்மால் இயலும். ஆனால் அது வந்த நாளை நினைத்துப் பார்க்கிறோம். அச்சுக்கூலி பாக்கி இருந்தது. பின்னட்டைக்கு இரண்டு மாதக் கட்டணம் முன்பணமாக வந்தது. முதல் இல்லாமல் எப்படி ஐயா மனை வாங்குவது என்று கேட்கத் தோன்றியது. கேட்டால் விளம்பரம் போய்விடுமோ என்றும் தோன்றியது. கேட்கவில்லை. தெரிந்துகொள்ள விரும்பாமல் இருந்தேன் என்பது தெரியாது என்ற சத்தியத்துக்குள் அடங்குமா? நாம் அணுகிய ஓர் ஆலிமிடம் இதைக் கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கேட்கத் தோன்றியதா இல்லையா, அதைச் சொல்லுங்கள் என்றார்.

மூன்றாம் மாதத்துக்கும் அதே விளம்பரம் வந்தது. இம்முறை இரண்டு கேள்விகள் எழுதி அனுப்பினோம். இதுவரை படித்தவர்களில் எத்தனை பேர் மனை வாங்கியிருக்கிறார்கள்? வகுப்பு எடுப்பவர் கடந்த ஆண்டு நிலத்தில் ஈட்டியது அதிகமா, வகுப்புகளில் ஈட்டியதா? அவை தொழில் இரகசியம் என்று பதில் வந்தது. காசோலையைத் திருப்பி அனுப்பிவிட்டோம். அந்த மாதப் பின்னட்டையில் தொழுகை நேர அட்டவணை வந்ததை வாசகர்கள் பார்த்திருக்கலாம்.

முந்திய இரண்டு மாதக் கட்டணம் ரூ. 8,000. அதை எடுத்துக்கொண்டு பெரியவரின் வீட்டுக்குப் போனோம். முதலில் வேண்டாம் என்றார். பிறகு எண்ணிப் பார்க்காமல் வாங்கி, தலையணை அடியில் வைத்துக்கொண்டார். தேநீர் கொடுத்தார்கள். மகன் நலமா என்று கேட்டோம். ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிவிட்டான் என்றார். மீதி ரூ. 37,000 பற்றி அவரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை.