எண்ணும் மனிதனும்

நோயாளியை வெறும் எண்ணாக்கிவிடுகிறார்கள் என்று மருத்துவமனைகளைப் பற்றி நம்மிற் பலர் குறைப்படுவதுண்டு. தீங்கு எண்ணில் இருக்கிறதா, அதை எழுதும் முறையில் இருக்கிறதா என்பதை நாம் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பகுப்பு நூலுடைய பத்தாம் திருத்தம் 1990இல் ஏற்கப்பட்டது. அதில் புற்றுநோய்களின் வரிசை உதட்டிலேயே தொடங்குகிறது. கீழுதட்டின் வெளிப்புறத்துக்கு சி00.1, அதன் உட்புறத்துக்கு சி00.4, கடைவாய்க்கு சி00.6. இடம் எழுதப்படாவிட்டால் சி00.9, அதாவது ‘குறிப்பிடப்படாதது’.

இந்தப் பிரிவினை வீண் நுணுக்கமன்று. கீழுதட்டின் வெளிப்புறம் வெயிலை நேரே ஏற்பது; அங்கு தோன்றும் புற்றுக்கு வெயில் ஒரு முக்கிய காரணம். உட்புறத்தில் தோன்றினால் வெற்றிலை, பாக்கு, புகையிலை ஆகியவற்றை முதலில் ஐயுற வேண்டும். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தருவதே என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அறிவித்துள்ளது.

புல்மோட்டைக் கரையில் கரைவலை இழுக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பகலெல்லாம் வெயில், களைப்பை மறக்க வாயில் வெற்றிலை. உதட்டிலே ஆறாத புண் கண்டும், ஒருநாள் கூலியை இழக்க அஞ்சி வைத்தியரிடம் செல்வதைத் தள்ளிப்போடுகிறார். நோய் முற்றிய பின் அது தோன்றிய இடம் உண்மையிலேயே தெரியாமற் போகலாம், அப்போது சி00.9 என்று எழுதுவதே நேர்மை. ஆனால் இடம் கண்ணுக்குத் தெரிந்தும், நெரிசலிலும் அவசரத்திலும் அதே எண் எழுதப்படுமானால், வெயிலா வெற்றிலையா என்று ஆராய்வதற்கான முதற் சான்றே அழிந்துபோகிறது. தொழிலால் நேரும் கேடுகளுக்கு இசட்57 என்ற எண்ணும் அந்நூலில் உண்டு. “என்ன தொழில் செய்கிறீர்கள்?” என்று ஒருவர் கேட்டாலன்றி அது ஏட்டில் ஏறாது.

அதே கரையின் மணலிலிருந்து, 1957இல் தொடங்கிய அரசின் கனிய மணல் நிறுவனம் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் என்று வகைவகையாகப் பிரித்தெடுக்கிறது. விலையுள்ள மணலை இவ்வளவு நுட்பமாகப் பிரித்தறியும் சமூகம், அக்கரையில் உழைப்பவனின் உதட்டைப் பிரித்தெழுத நேரமில்லை என்று கூறலாமா?

நோய் தடுக்கும் திட்டங்களும் சிகிச்சை நிலையங்களும் கணக்கைப் பார்த்தே வகுக்கப்படுகின்றன. கணக்கில் சரியாக ஏறாத ஏழைக்கு அங்கே பங்கு கிடைப்பதரிது. ஆகவே எண்ணை நாம் வெறுக்க வேண்டியதில்லை. நோயாளியிடம் கேட்டு, பார்த்து, முழுமையாக எழுதுவதற்குப் போதிய ஆட்களையும் நேரத்தையும் ஒவ்வோர் ஊர் மருத்துவமனைக்கும் கோருவதே நம் கடமை.