தமிழே போதும் என்கிற ஊரில்

சென்னையிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிற தமிழருக்குக் கன்னடம் வராமல் போவதற்குக் காரணம் அதன் கடினம் அல்ல; அது இல்லாமலே காலம் தள்ள முடிவதுதான். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் நாம் தடுமாறுவதைக் கண்டதுமே பல கடைக்காரர்கள் தமிழுக்கு மாறிவிடுவார்கள். (தங்கமான மனிதர்கள். நமக்குக் கேடே அதுதான்.) நாம் விடாப்பிடியாகக் கன்னடத்திலேயே தொடர்ந்தாலொழிய நாக்கு பழகாது.

மொழியோ பாதி தெரிந்தது. பழங்கன்னடத்துப் பகரம் சொல்லின் முதலில் ஹகரமாகத் திரிந்ததால் பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, பத்து ஹத்து. நம் வகரம் வரும் இடத்தில் பல சொற்களில் அவர்களுக்குப் பகரம், ‘அம்பு’ என்பதில் வரும் உரத்த ஒலியோடு: வெல்லம் பெல்ல, வாழை பாளெ. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் சந்தையில் காது திறந்துவிடும்.

வாய் திறப்பதுதான் பாடு. குழந்தை தப்பாகப் பேசினால் கொஞ்சுவார்கள். அலுவலகத்தில் பத்துப் பேரை வேலை வாங்குகிறவருக்கு, ஆட்டோக்காரர் முன் மழலை பேச மனம் வருவதில்லை. அந்தக் கூச்சத்துக்கு இலக்கணப் புத்தகத்தில் மருந்து கிடையாது. விலை கேட்பதில் தொடங்கலாம். ‘எஷ்டு?’ என்றால் பதில் பெரும்பாலும் எண்ணாகவே வரும். மூரு, ஆரு, ஏளு எல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகள். பிறகு ‘ஸ்வல்ப கம்மி மாடி’ என்று பேரம் பேசலாம். ‘மாடி’ முக்கியம், ‘மாடு’ என்றால் ஒருமை, விலை குறையாது.