இரண்டு ஆண்டுச் சொல்

அவுஸ்திரேலியாவின் 190ஆம் வகுப்பு விசா 2012 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தொழில் தேர்ச்சியுள்ள ஒருவரை ஒரு மாநிலமோ பிராந்தியமோ முன்மொழியும். மத்திய அரசு அவருக்கு விசா கிடைக்கும் நாளிலிருந்தே நிரந்தர வதிவிடம் கொடுக்கும். அதற்கான வழி நீளமானது. அழைப்பு வரும்போது விண்ணப்பிப்பவர் 45 வயதை எட்டியிருக்கக் கூடாது. பொறியியலாளருக்கு எஞ்சினியர்ஸ் அவுஸ்திரேலியா, தாதியருக்கு அன்மாக் என்று அந்தந்தத் துறைக்குரிய அமைப்பு, அவருடைய படிப்பையும் அனுபவத்தையும் ஆராய்ந்து சான்று தர வேண்டும். ஆங்கிலப் பரீட்சை உண்டு. பிறகு புள்ளிக் கணக்கு. 25 முதல் 32 வரையான வயதுக்கு 30 புள்ளி, இளமாணிப் பட்டத்துக்கு 15, வெளிநாட்டில் எட்டு ஆண்டு வேலை செய்திருந்தால் 15. தமிழ் உரைபெயர்ப்புத் தேர்வில் தேறினால் 5. கூட்டுத்தொகை 65க்குக் குறையாமல் இருந்தால்தான் அழைப்புக்குத் தகுதி.

மாநில முன்மொழிவு அந்தக் கணக்கில் 5 புள்ளி சேர்க்கிறது. பார்வைக்குச் சிறிய தொகைதான். ஆனால் மாநிலத்தின் துணையில்லாமல் போட்டியிடும் 189ஆம் வகுப்பில் பல தொழில்களுக்கு 65 எந்த மூலைக்கும் போதாது என்பதால், முன்மொழிவு கிடைப்பவருக்கும் கிடைக்காதவருக்கும் நடுவே இருப்பது ஐந்து புள்ளி மட்டும் அல்ல; பல ஆண்டுக் காத்திருப்பு. சிலருக்கு வயதெல்லை தாண்டிப்போய் வழியே அடைபடுகிறது.

இந்த உதவிக்கு ஈடாக மாநிலங்கள் பொதுவாக ஒன்றை எதிர்பார்க்கின்றன. முன்மொழியப்பட்டவர் குறைந்தது முதல் இரண்டு ஆண்டுகள் அந்த மாநிலத்திலேயே வாழ்ந்து வேலை செய்வதாக உறுதி கூற வேண்டும். விண்ணப்பத்தின் எத்தனையோ படிவங்களுக்குள் இதுவும் ஒரு தாள். ஒரு கையெழுத்து, ஒரு திகதி. மெய்யியல் கேள்வி எழுவது இந்தத் தாளில்தான். ஏனென்றால் இந்த உறுதியைக் காக்கச் சட்டம் காவல் நிற்பதில்லை.

சட்டத்தால் முடியாததல்ல அது. 2019 நவம்பரில் தொடங்கிய 491ஆம் வகுப்புத் தற்காலிக விசாவில், குறிக்கப்பட்ட பிரதேசங்களில் மட்டுமே வாழலாம், வேலை செய்யலாம், படிக்கலாம் என்ற நிபந்தனை விசாவிலேயே இருக்கிறது. மீறினால் விசாவுக்கே ஆபத்து. 190இல் அத்தகைய நிபந்தனை இல்லை. நிரந்தர வதிவிடம் பெற்றவர் நாட்டுக்குள் எங்கும் போகலாம். மாநிலங்களுக்கிடையே போக்குவரத்துக்குத் தடை கூடாது என்று அவுஸ்திரேலிய அரசியலமைப்பின் 92ஆம் பிரிவும் சொல்கிறது. ஆகவே தென் அவுஸ்திரேலியா முன்மொழிந்த ஒருவர் அடிலெய்டில் கால்வைத்த மறுவாரமே மெல்பேர்ணுக்குக் குடிபோனால், அந்த இடமாற்றத்துக்காக மட்டும் அவரைத் தண்டிக்க வழியில்லை. புலம்பெயர்ந்தோர் நடுவே இது யாவரும் அறிந்த விடயம். “அது சும்மா ஒரு ஃபோர்ம்” என்று முன்னே போனவர் பின்னே வருபவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

சட்டம் காவல் நிற்காத சொல் ஒருவரைக் கட்டுமா? இனி இந்தக் கேள்வியை நாரந்தனையில் வைத்துப் பார்க்கலாம். யாழ்ப்பாணத் தீவகத்தில், ஒல்லாந்தர் லைடன் என்று பெயரிட்ட வேலணைத் தீவில், ஊர்காவற்றுறைப் பக்கம், கரம்பொன்னை அடுத்து இருக்கும் ஊர் அது. பனையும் கல்வேலியும் வறண்ட நிலமும் கொண்ட தீவகத்தில் வெளியே போய் உழைப்பது புதிதல்ல. தென்னிலங்கைக் கடைத்தெருக்களும் மலாயா அலுவலகங்களும் தீவாரை அறியும். 1990இல் போர் தீவுக்குள் வந்தபோது ஊர்கள் கலைந்தன. அந்தத் தலைமுறையில் கடல் கடந்தவர்களில் மிகப் பலர் அகதிக் கோரிக்கையோடு போனவர்கள். 2013 ஜூலை 19இல், இனிப் படகில் வருவோரை ஒருபோதும் நாட்டில் குடியேற்றுவதில்லை என்று அவுஸ்திரேலியா அறிவித்தது. அதன் பிறகு அந்நாட்டைப் பொறுத்தவரை பெரும்பாலும் மிஞ்சியவை படிப்பும் திருமணமும் தொழிலும். 2022இன் பொருளாதார நெருக்கடி, எரிபொருள் வரிசையில் நின்ற கணக்காளரையும் தாதியையும் கணினிப் பொறியியலாளரையும் புள்ளிக் கணக்குப் போட வைத்தது.

அப்படி விண்ணப்பிக்கும் தீவார் ஒருவர் பெரும்பாலும் இரண்டு வாக்குறுதிகளைச் செய்கிறார். ஒன்று மாநில அரசுக்கு. மற்றது நேர்த்தி. விசா சரிவந்தால் நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குக் கற்பூரச்சட்டி எடுப்பதாக, காவடி எடுப்பதாக, அன்னதானம் கொடுப்பதாக வீட்டில் யாரோ நேர்ந்துவிடுவார்கள். தாய் அடியழிப்பதாக வேண்டியிருப்பாள். கத்தோலிக்க வீடாயின் மடு மாதாவுக்கோ கச்சதீவு அந்தோனியாருக்கோ அந்த வேண்டுதல் போகும். நேர்த்தி தவறுவதில்லை. பத்து ஆண்டு கழித்தாவது விடுப்பு எடுத்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, குறிகட்டுவானில் படகேறிப் போய்க் கடனைக் கழிக்கிறார்கள். அதற்கும் எந்தச் சட்டமும் இல்லை, சாட்சிக் கையெழுத்தும் இல்லை. ஒரே ஆளின் இரண்டு சொற்களில் ஒன்று காக்கப்படுகிறது, மற்றது காற்றில் விடப்படுகிறது. ஏன் என்பதுதான் விசாரிக்க வேண்டியது.

எளிய பதில் பயம். அம்மன் கேட்பாள்; தென் அவுஸ்திரேலிய அரசு கேட்காது. ஆங்கிலேய மெய்யியலாளர் தோமஸ் ஹொப்ஸ் 1651இல் வெளியிட்ட ‘லெவியத்தான்’ நூலில், பின்னால் வாள் இல்லாத உடன்படிக்கைகள் மனிதரைக் காக்கும் வலுவற்றவை என்று வாதிட்டார். அவர் கணக்குப்படி நேர்த்தியின் பின்னால் தெய்வத்தின் வாள் நிற்கிறது, 190இன் பின்னால் எதுவும் இல்லை. இந்த விளக்கம் நடப்பைச் சரியாகச் சொல்கிறது. ஆனால் இதை நியாயமாக ஏற்றால், சமயம் மனிதருக்கு உண்மையைக் கற்பிக்கவில்லை, இன்னொரு பொலிஸ் நிலையத்தை மட்டுமே திறந்து வைத்தது என்றாகும். பக்தியுள்ள எவரும் ஒப்புக்கொள்ளும் முடிவு அல்ல அது.

சைவம் ஒப்புக்கொள்வதே இல்லை. சைவ சித்தாந்தத்தில் வினை மூன்று வாயில்களால் ஈட்டப்படுகிறது: மனம், வாக்கு, காயம். வாக்கு என்பது செயலுக்கு முன்னறிவிப்பு அல்ல. அதுவே ஒரு செயல், அதற்கும் பயன் உண்டு. யாரிடம் சொல்லப்பட்டது என்பதைப் பொறுத்து அந்தப் பயன் கரைந்துபோவதில்லை. ஆறுமுக நாவலர் சைவச் சிறுவர்களுக்கு எழுதிய பாடநூல்கள் பொய்யைப் பாவங்களோடு சேர்த்தபோது, அரசாங்கத்திடம் சொல்லும் பொய்க்கு விலக்கு எதுவும் எழுதி வைக்கவில்லை. அப்படியானால் படிவத்தில் இட்ட கையெழுத்தும் நேர்த்தியும் ஒரே ஏட்டில்தான் பதிகின்றன. அம்மன் முன் சொன்னதற்கு மட்டும் கணக்கு என்பது அம்மனைக் கோயில் மதிலுக்குள் அடைத்துவைப்பதற்குச் சமம்.

இங்கே திருக்குறளை அறிந்தவர் ஒரு மறுப்பு எழுப்பக்கூடும். வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் உண்மையைத் தீங்கற்ற சொல் என்ற அளவால் அளக்கிறார். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்று இடமும் கொடுக்கிறார். குடும்பத்தைக் கரைசேர்க்க ஒருவர் எழுதிய இரண்டு ஆண்டு உறுதி யாருக்கு என்ன தீங்கு செய்தது? மெல்பேர்ணில் உறவினர் இருக்கிறார்கள், வேலை இருக்கிறது, தமிழ்க் கடை இருக்கிறது. அவர் அங்கே போவதால் ஒரு மாநில அரசு ஏழையாகிவிடப் போகிறதா?

தீங்கு இருக்கிறது, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுதோறும் இத்தனை முன்மொழிவுகள் என்று மத்திய அரசு அளந்து கொடுக்கிறது. ஒருவருக்குப் போனது இன்னொருவருக்கு இல்லை. அந்த இன்னொருவர் அடிலெய்டிலேயே வாழ மனமுள்ள ஒரு தாதியாக இருக்கலாம்; மட்டக்களப்பிலோ மதுரையிலோ அதே வரிசையில் நின்று, வயதெல்லையைத் தாண்டிக்கொண்டிருக்கலாம். வள்ளுவர் போட்ட நிபந்தனை குற்றமற்ற நன்மை என்பது. பிறர் பங்கில் கைவைத்துப் பெற்ற நன்மைக்கு அந்தப் பெயர் பொருந்தாது. இன்னொரு சேதமும் உண்டு. முன்மொழியப்பட்டவர்கள் தங்காமல் போகப் போக, மாநிலங்கள் இறுக்கிக்கொள்ளக்கூடும்: ஏற்கெனவே அங்கே வசிப்பவருக்கே முதலிடம், கையில் வேலைக் கடிதம் இருக்க வேண்டும் என்று கதவு ஒடுங்கலாம். கைமாற்றாகக் காசு வாங்கிய ஒருவர் திருப்பாமல் விட்டால் அடுத்த வீட்டுக்காரருக்குக் கடன் கிடைக்காமல் போவது போன்றது இது. மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டில் கண்டதும் இதையே: வாக்குறுதி இயற்கையில் விளைந்ததல்ல, மனிதர் கூடி உண்டாக்கிய ஏற்பாடு, பலரும் காப்பதால்தான் அது பயன்படுகிறது. மெய்யியலாளர் கான்ட் 1785இல் எடுத்துக்காட்டிய பொய் வாக்குறுதியும் பொருந்தும். திருப்ப மாட்டேன் என்று தெரிந்தே கடன் கேட்பவர், எல்லாரும் அப்படிச் செய்தால் யாரும் எவரையும் நம்பாத உலகத்தில், தன் சொல்லையே செல்லாக் காசாக்கிவிடுகிறார்.

இதுவரை சொன்னது கையெழுத்திடும்போதே தங்கும் எண்ணம் இல்லாதவரைப் பற்றி. அது பொய். எண்ணத்தோடு கையெழுத்திட்டுப் பிறகு தங்க முடியாமல் போனவர் வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கத்தோலிக்க மரபு நல்ல கருவி ஒன்றைத் தருகிறது. 13ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவைனாஸ் தம் இறையியல் தொகுப்பில், நிறைவேற்றும் எண்ணத்தோடு வாக்களித்தவர் பொய் சொன்னவர் ஆகார் என்கிறார். பின்னர் மனம் மாறிச் செய்யாமல் விட்டால் அவர் உண்மை தவறியவர். ஆயினும் இரண்டு நிலைகளில் அவருக்கு மன்னிப்பு உண்டு: வாக்களித்த காரியமே ஆகாததாக இருந்தால், ஆள்களின் நிலையும் காரியத்தின் நிலையும் மாறிவிட்டால். கொரிந்து நகருக்கு வருவதாகச் சொல்லிய திருத்தூதர் பவுல் வரமுடியாமல் போனதை அவர் எடுத்துக்காட்டுகிறார்.

நிலைமை மாறுதல் என்ற இந்த விலக்கு 190இல் வெறும் ஏட்டுச் சமாதானம் அல்ல. மாநிலம் ஒரு தொழிலைத் தேவைப் பட்டியலில் போட்டு ஆளை அழைக்கும். வேலைக்கு உத்தரவாதம் இல்லை என்றும் அதே மாநிலம் எழுதி வைக்கும். வந்திறங்கிய பொறியியலாளர் “உள்ளூர் அனுபவம் இல்லை” என்ற பதிலையே கேட்டுக் கேட்டு டாக்சி ஓட்டுகிறார். அழைத்தவர் தேவை என்றார், வந்தவருக்கு வேலை இல்லை. இந்த உறவில் கடமை ஒருபக்கம் மட்டும் சுமத்தப்படுவது நியாயமில்லை. பழைய வரலாறும் அவுஸ்திரேலியாவுக்குப் பெருமை தருவதல்ல. 1901 முதல் 1958 வரை அங்கே குடிவரவு அதிகாரி விரும்பாத ஆளுக்கு ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களை வாசித்துக்காட்டி எழுதச் சொல்லலாம் என்று இருந்தது. தோற்க வைப்பதற்கென்றே நடந்த சோதனை அது. அந்த அரசு இன்று நேர்மையைக் கோருகையில், கோரப்படுபவருக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தால் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் 1901இன் அநியாயம், இன்று அதே வரிசையில் நிற்கும் மட்டக்களப்புத் தாதிக்குச் சேரவேண்டியதை எடுத்துக்கொள்ள உரிமை தருவதில்லை.

நெருக்கடியில் கொடுத்த சொல் கட்டுமா என்பது கடைசித் தடை. கத்திமுனையில் வாங்கிய வாக்குக் கட்டாது என்று எல்லா மரபுகளும் ஏறத்தாழ ஒப்புகின்றன. இங்கே நெருக்குவது இலங்கையின் நிலை. முன்மொழியும் மாநிலம் அல்ல. பிறர் உண்டாக்கிய நெருக்கடியில் ஒருவர் கைகொடுத்தால், அவருக்குக் கொடுத்த சொல்லின் வலு குறையாது, கூடவும் செய்யலாம்.

ஆகவே முடிவு இதுதான். தங்கும் எண்ணமில்லாமல் இடும் கையெழுத்து, சைவக் கணக்கிலும் கத்தோலிக்கக் கணக்கிலும் பொய். சட்டம் கண்டுகொள்ளாமை அதைக் கழுவாது. எண்ணத்தோடு வந்து, முயன்று, வாழ வழி காணாமல் மாறுபவர் சொல் தவறியவர் அல்லர். ஆனால் வாக்கை வாங்கியவரிடம் நிலையை எழுதித் தெரிவித்து விடுவிப்புக் கேட்பது அவர் கடமை. நேர்த்தியை உரிய நாளில் செய்ய முடியாதவரும் கோயிலில் போய்ச் சொல்லி மறு தவணை கேட்கிறாரே. மாநில அலுவலகங்களுக்கும் மின்னஞ்சல் முகவரி உண்டு. விண்ணப்பத்துக்கு முன் செய்யக்கூடியது இன்னும் எளிது: புள்ளிக்காக மட்டும் ஒரு மாநிலத்தைத் தெரிவு செய்யாமல், அங்கே தன் தொழிலுக்கு வேலை இருக்கிறதா, இரண்டு ஆண்டு குடும்பத்தோடு இருக்க முடியுமா என்று விசாரித்து, முடியும் என்றால் மட்டும் கையெழுத்திடுவது.